கமாண்டர் கட்சிக்காரர்

ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த லிஃப்ட் மெக்கானிக்கைப் பற்றிச் சொல்கிறேன். அவர் திறந்துவிட்ட கதவு வழியாக எத்தனையோ பேர் வெளியே வந்திருப்பார்கள். வந்ததும் ஓடிவிடுவார்கள், ஒருத்தருக்கும் அவர் முகம் ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் அவருக்கு அடுத்த கட்டிலில் கிடந்தவள் நான்.

இரண்டு பேருக்கும் ஒரே வியாதிதான், சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. கையில் இரண்டு ஊசியைக் குத்தி, உடம்பு ரத்தத்தை வெளியே இழுத்து, இயந்திரத்தில் அலசித் திரும்ப உள்ளே விடுவார்கள். டயாலிசிஸ் என்று பெயர். நான் அதைச் சலவை என்பேன். சலவை முடியும்வரை ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது. அசைத்தால் இயந்திரம் கத்தும். தண்ணீரும் ஆசைக்குக் குடிக்க முடியாது. நாக்கு வறண்டால் ஒரு ஐஸ் துண்டு. அதைச் சப்பிக்கொண்டு எதிர்ச் சுவரில் இருக்கிற டிவியைப் பார்க்க வேண்டியதுதான்.

முதலில் அதில் குடும்பத் தொடர்கள்தான் ஓடின. மாமியார் விஷம் வைக்கிற நேரமாகப் பார்த்து எங்கள் எல்லோருக்கும் ரத்தக்கொதிப்பு ஏறியது. நர்ஸம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, 'நெடுவெளி' என்று ஒரு விண்கலத் தொடரைப் போட்டுவிட்டாள். அதிலும் சண்டைதான். ஆனால் தூரத்தில் நடக்கிற சண்டை, உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்றாள். அவள் கணக்குத் தப்பிப்போனது. ஒரே மாதத்தில் கட்டிலுக்குக் கட்டில் கட்சி கட்டிவிட்டோம். வீட்டில் யாரும் முன்கூட்டிப் பார்த்துவிட்டு வரக் கூடாது என்று சட்டம் வேறு.

அந்தக் கப்பலுக்கு ஒரு கமாண்டர். எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் முதல் ஆளாக அவன்தான் போவான். கூட வருகிறேன் என்பவர்களை எல்லாம் "நில்லுங்கள்" என்று கைகாட்டி நிறுத்திவிடுவான். லிஃப்ட்காரருக்கு அவன் என்றால் உயிர். எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

"என்ன பாட்டி, அவரு மேல உங்களுக்கு அப்படி என்ன கோவம்?"

"தலைக்கனம் பிடிச்சவன் தம்பி. இவன் ஒருத்தன்தான் பொறந்தானா? மத்தவங்கல்லாம் முளைச்சாங்களா?"

"தலைவன்னா முன்னாடி நிக்கணும் பாட்டி!"

"நிக்கட்டும். கதவை மறிச்சுக்கிட்டு ஏன் நிக்கறான்?"

அவர் ஆவேசமாகக் கையை வீசுவார், இயந்திரம் கத்தும். நர்ஸம்மா ஓடி வந்து, "வாதம் பண்ணணும்னா ஊசி இல்லாத கையால பண்ணுங்க" என்று சத்தம் போடுவாள். அதனால் எங்கள் வார்டில் எல்லா வழக்கும் ஒற்றைக் கையால்தான் நடந்தது.

எதிர்க் கட்டிலில் கணக்கு வாத்தியார். அவர் கப்பல் போகிற வேகம் சரியா தப்பா என்று பார்ப்பவர். லிஃப்ட்காரருக்கு வேறு கவலை. "இவ்வளவு பெரிய கப்பல்ல ஒரே ஒரு லிஃப்ட் சார். அதுவும் வாரம் தவறாம மாட்டிக்குது. உள்ள இருக்கறவன் கூரையைப் பேத்துக்கிட்டு ஏறுறான். நிஜத்துல ஏறினா செத்தான். சும்மா நின்னா வெளிய இருக்கறவன் எறக்கிவிட்டுடுவான்" என்று புலம்புவார்.

அவர் கதையைத் துண்டு துண்டாகச் சொல்வார். சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டார். அப்பா இருந்தும் இல்லாத கணக்கு. இவர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு லிஃப்ட் மேஸ்திரியிடம் எடுபிடியாகச் சேர்ந்தார். கையில் ஒரு தங்கை, 'பாப்பா' என்று கூப்பிடுவார். காலையில் அவளுக்குத் தலை பின்னிவிட்டுத்தான் வேலைக்குப் போவாராம். கம்பிக்கயிறு முறுக்கத் தெரிந்தவனுக்குப் பின்னல் என்ன பெரிய வித்தை? பின்னல் நன்றாகத்தான் வரும். வகுப்பில் கிரீஸ் வாசனை அடிக்கிறது என்று பக்கத்தில் உட்காரும் பெண் இடம் மாறிப் போனாளாம். பாப்பா அண்ணனிடம் அதைச் சொல்லவே இல்லை. வருஷங்கள் கழித்து அவள் கல்யாணத்தில் யாரோ சொல்லித்தான் இவருக்குத் தெரிந்தது.

இவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே ஒரு இடத்தில் பெண் கேட்கப் போனார்கள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதி வழியில் நின்றிருந்தது. மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இயந்திர அறைக்கு ஏறிவிட்டார். கீழே இறங்கி வந்தபோது பெண் வீட்டார் கதவைச் சாத்திவிட்டார்களாம். "லிஃப்ட் ஓடுச்சு பாட்டி, அது போதும்" என்று சிரிப்பார்.

தொடரின் கடைசிப் பகுதி ஒருநாள் வந்தது. கப்பலின் எந்திர அறைக்குள் நெருப்பும் விஷப்புகையும். உள்ளே ஒருவர் நின்று பிடியை இழுத்துப் பிடித்திருந்தால்தான் கப்பல் பிழைக்கும். நிற்கிறவர் பிழைக்க மாட்டார். கமாண்டர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். கப்பல் ஓட்டுகிற பெண் வெளியே நின்று கதவைத் தட்டுகிறாள். "திற! ஆளுக்குப் பாதி நேரம் நிற்போம். இரண்டு பேருக்கும் காயம்தான் படும், இரண்டு பேரும் பிழைப்போம்!" அவன் திறக்கவில்லை. அவள் உள்ளங்கை கதவின் மேல் இருக்க, படம் நின்றுவிட்டது. மிச்சம் அடுத்த வருஷம்தானாம்.

வார்டே கொதித்தது. கமாண்டர் செய்தது சரியா தப்பா? நர்ஸம்மா ஓட்டெடுப்பு வைத்தாள். வாத்தியார் சரி என்றார். நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சரி என்றாள். மற்றவர்களும் ஊசி இல்லாத கையைத் தூக்கினார்கள். தப்பு என்று தூக்கிய கை என்னுடையது மட்டும்தான்.

"டெபாசிட் போச்சு பாட்டி" என்றார் லிஃப்ட்காரர்.

"போகட்டும். ஊரே ஒண்ணாச் சொன்னாலும் தப்பு தப்புதான்."

அடுத்த முறை நான் போனபோது வராந்தாவில் அவர் தங்கை நின்றிருந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அண்ணனை வாசலில் இறக்கிவிட்டுப் பறப்பதுதான் வழக்கம். அன்றைக்கு என்னை மறித்தாள்.

"பாட்டி, நீங்கல்லாம் சேர்ந்து எங்க அண்ணன்கிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?"

"நான் என்னம்மா சொன்னேன்?"

"என் கிட்னி அவருக்குப் பொருந்துதுன்னு டாக்டர் சொல்லி ரெண்டு மாசம் ஆச்சு. மாட்டேங்கறாரு. நேத்து சண்டை போட்டா, 'வார்டுல ஓட்டே போட்டாச்சு, கமாண்டர் செஞ்சதுதான் சரின்னு முடிவாயிடுச்சு'ங்கறாரு. யாரு பாட்டி அந்தக் கமாண்டர்? பெரிய டாக்டரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே விஷயம் உறைத்தது. தங்கை கொடுத்தால் இந்த மனிதன் பிழைப்பான், இயந்திரத்தை விட்டு எழுந்து போவான். வேண்டாம் என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார், நாங்கள் வெளியே நின்று கைதட்டியிருக்கிறோம்.

உள்ளே போய் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். வாத்தியார் முகம் வெளுத்துவிட்டது. "நான் என் ஓட்டை மாத்திக்கறேன்" என்றார். நர்ஸம்மாவும் மாற்றிக்கொண்டாள்.

"எலெக்‌ஷன் முடிஞ்சுபோச்சு சார். எண்ணினதுக்கு அப்புறம் மாத்தறதெல்லாம் செல்லாது" என்று லிஃப்ட்காரர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தம்பி, கதையை விடு. நீ சொல்லு" என்றேன்.

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்படியே மெதுவாகச் சொன்னார். "அவளுக்கு ரெண்டும் சின்னப் பிள்ளைங்க பாட்டி. மிச்சம் இருக்கற ஒரு கிட்னியும் நாளைக்குக் கெட்டுப்போச்சுன்னா? இந்தக் கட்டில்ல அவ வந்து படுப்பா. அதைப் பார்க்கறதுக்கா நான் பொழைக்கணும்?"

எனக்குக் கொடுத்த ஐஸ் துண்டை அவருக்குக் கொடுக்கச் சொல்லி நர்ஸம்மாவிடம் நீட்டினேன். 

அண்ணனிடம் ஆஸ்பத்திரிப் பேச்சு எடுபடாது என்று பாப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, திரும்ப அழைக்கப் போகிறவரைக்கும் வேனுக்குள் உட்கார்ந்து, போனில் 'நெடுவெளி'யை முதலிலிருந்து பார்த்தாள். வாழ்நாளில் ஒரு தொடர் பார்த்தவள் இல்லை. எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு ஒருநாள் வேன் சாவியோடு நேரே வார்டுக்குள் வந்து, ஸ்டூலை இழுத்துப்போட்டு அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"உன் கமாண்டரைப் பத்திப் பேசலாம் வா" என்றாள்.

அவர் கண் விரிந்தது. "நீ பார்த்தியா?"

"பார்த்தேன். கப்பல் முழுக்க அவன் என்ன ஆவான்னு அழுவுது. நீங்களும் அழுதீங்க. வெளிய நிக்கறாளே, அவ என்ன ஆனா?"

"அவளா? அவ வேற கப்பலுக்குப் போயிடுவா."

"எப்படிப் போவா? உள்ள வேகறது அவளுக்குக் கேக்குது. அவ கையில வழியும் இருக்கு. அதோட அவ எங்க போவா?"

"அவளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"ஆகலாம்னு தெரிஞ்சுதானே தட்டறா! அவ என்ன கைக்குழந்தையா?" பாப்பா ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். "அண்ணா, நீ பள்ளிக்கூடத்தை விட்டே. உன் சோத்தை என் தட்டுல போட்டே. வேண்டாம்னு நான் ஒருநாள் சொன்னேனா? கிரீஸ் நாத்தம் அடிக்குது, பின்னாதேன்னு சொன்னேனா? குடுத்ததெல்லாம் வாங்கிக்கிட்டேன். வாங்கறதும் லேசில்லண்ணா. எனக்குத் தெரிஞ்சது உனக்கு ஏன் தெரியலை?"

லிஃப்ட்காரர் ஊசி ஏறிய கையால் முகத்தை மூடப் போனார். இயந்திரம் கத்தியது. நர்ஸம்மா வந்து சத்தத்தை நிறுத்தினாள், அன்றைக்குத் திட்டவில்லை. வாத்தியார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  

லிஃப்ட்காரர் தங்கை பக்கம் திரும்பிக் கேட்டார். "எல்லாப் பகுதியும் பார்த்தியா?"

"எல்லாம்."

"ரோபோ பாட்டுப் பாடுமே, அது?"

"அதை ஓட்டிவிட்டுட்டேன்."

"அப்ப முழுசாப் பார்க்கலை நீ." மூக்கை உறிஞ்சினார். "டாக்டர் எப்ப வரச் சொன்னாரு?"

 பாப்பா அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தங்கையின் பின்னல் கலைந்திருந்தது. அவர் சும்மா இருந்த கையால் அதை ஒதுக்கிவிட்டார்.

பிறகு எத்தனையோ பரிசோதனை, எத்தனையோ கையெழுத்து. ஆப்பரேஷன் வேறு பெரிய ஆஸ்பத்திரியில். அன்றைக்கு எங்கள் வார்டில் டிவி போடவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது. வாத்தியார் அதைப் பார்க்காமல் இருக்க எவ்வளவோ பாடுபட்டார்.

சில நாள் கழித்து, நாங்கள் சலவையில் இருக்கும்போது, நர்ஸம்மாவின் போன் அடித்தது. அவள் கேட்டுவிட்டு ஒலிபெருக்கியில் போட்டாள். லிஃப்ட்காரர்தான். குரல் நூலாக இருந்தது.

"பாட்டி இருக்காங்களா?"

"இருக்கேன் தம்பி. பாப்பா எப்படி இருக்கா?"

"நேத்தே நடந்தா பாட்டி. என் ரூமுக்கு வந்து, மூஞ்சி கழுவலையான்னு திட்டிட்டுப் போனா." மூச்சு வாங்கினார். "பாட்டி, இன்னொரு சேதி. ஒண்ணுக்குப் போனேன்."

ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எங்கள் வார்டில் அந்தப் பாக்கியம் யாருக்கும் இல்லை. வருஷக்கணக்காக அந்த வேலையை இயந்திரம்தான் எங்களுக்காகச் செய்கிறது. வாத்தியார் "எவ்வளவு?" என்று கத்தினார்.

"ஒரு குடுவை நிறைய சார்!"

இரண்டு கையும் சேர்த்துத் தட்டினோம். எல்லா இயந்திரமும் ஒன்றாகக் கத்தின. நர்ஸம்மா ஒன்றையும் நிறுத்தவில்லை, அவளும் தட்டிக்கொண்டிருந்தாள்.