பத்திரத்தில் இறந்தவள்

நாங்கள் வாங்கிய முதல் வீட்டில் மூன்று அறைகள். இரண்டைத்தான் பார்த்துவிட்டு வாங்கினோம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் மலையாள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. என் கணவர் லைன்மேன். ஆறு வருடத்தில் நான்கு வாடகை வீடு மாறியிருந்தோம். ஊர்க்கோடியில் ஓர் ஓட்டு வீடு, கிணற்றோடு மலிவாக வருகிறது என்றதும் எனக்கு நிதானம் போய்விட்டது.

விற்றவர் கோயமுத்தூரில் குடியேறிவிட்டவர். மூன்றாவது அறை பூட்டியிருந்தது.

"பழைய சாமானுங்க. சாவியக் கோயமுத்தூர் ஊட்டுலயே வெச்சுப்போட்டேன். ஒரு மாசத்துல வந்து எடுத்துக்கறேன்" என்றார்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம் என்றார் என் கணவர். அதற்குள் வேறு ஆள் முடித்துவிடுவார் என்றார் விற்றவர். உடனே முடிக்கச் சொல்லி வற்புறுத்தியவள் நான்தான்.

பத்திரம் மலையாளத்தில் இருந்தது. நான் பொள்ளாச்சியில் படித்தவள். பஸ் போர்டு வாசிக்கும் அளவுக்குத்தான் மலையாளம். என் கணவருக்கும் அவ்வளவே. பத்திரம் எழுதுபவர் மளமளவென்று வாசித்துக்கொண்டு போனபோது 'மரணப்பெட்டு' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. பழைய வீடு, யாராவது செத்திருப்பார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

தை மாதம் குடிபோனோம். கணவாய்க் காற்று பனைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. பத்து நாள் ஒன்றுமில்லை. பதினோராம் நாள் விடிகாலையில் தண்ணீர் சேந்தப் போனேன். கயிறு ஈரமாக இருந்தது. பனி என்றார் அவர். பனியில் நனைந்த கயிற்றிலிருந்து அப்படித் தண்ணீர் சொட்டாது.

ஒரு மத்தியானம் காய்ச்சலோடு பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்து, சமையலறைச் சுவரில் முதுகைச் சாய்த்தேன். சுவர் சுட்டது. என் அடுப்பு எதிர்ப்பக்கம், அதுவும் காலையிலேயே அணைத்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பூட்டிய அறையை ஒட்டிய சுவர். மல்லி வறுபடும் வாசனை மெல்ல வந்தது. காதை வைத்தேன். கரண்டிச் சத்தம் ஒன்று கேட்டது. என் வளையல் சுவரில் உரசியதும் நின்றுபோனது.

அவரிடம் சொன்னபோது, "காய்ச்சல்ல உனக்கு அப்படித் தோணியிருக்கும்" என்றார். பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டேன். அவர் மண்ணைப் பார்த்தபடி, "வித்தவரத்தான் கேக்கோணும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அதன்பின் அந்தச் சுவர்ப்பக்கம் திரும்பாமலே சமைத்தேன்.

ஒரு மாதமாகியும் விற்றவர் வரவில்லை; ஞாயிற்றுக்கிழமை என் கணவர் பூட்டை உடைக்கச் சுத்தியலை எடுத்தார். முதல் அடி விழுந்ததும் கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"பூட்ட ஒடைக்காதீங்க. சாவி எங்கிட்ட இருக்குதுங்க. சுத்திக்கிட்டு வாறேன்."

பின்சந்தில், வேலிச்செடிக்கு மறைவில் அந்த அறைக்கு இன்னொரு வாசல் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. வெள்ளைச் சேலை, ஐம்பது வயதிருக்கும், கையில் சாவி. விற்றவருடைய அண்ணனின் மனைவி. தங்கை மகள் பிரசவத்துக்கு உடுமலைப்பேட்டை போயிருந்த சமயத்தில் கொழுந்தன் வீட்டை விற்றுவிட்டான். திரும்பி வந்தவள், 'நம்ம ஊடு' என்று நாங்கள் பேசுவதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறாள். துரத்திவிடுவோம் என்று பயந்து, எங்களுக்கு முன் எழுந்து தண்ணீர் சேந்திக்கொண்டு, இருமலைக்கூட அடக்கி வாழ்ந்திருக்கிறாள்.

முந்தானையில் சுற்றியிருந்த பாகப் பத்திரத்தை நீட்டினாள். "சாகற வரைக்கும் இந்த ரூமும் கெணத்துத் தண்ணியும் எனக்குன்னு எழுதியிருக்குது, அம்மிணி."

பக்கத்து டவுனான சித்தூரில் வக்கீல் ஒருவரிடம் மூவரும் போனோம். அவர் இரண்டு பத்திரங்களையும் வாசித்தார். எங்களுடையதன் மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி, நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஆயுள் உரிமை பெற்றிருந்த ஸ்திரீ மரணமடைந்துவிட்டதால் வீடு முழுவதும் விற்பவருக்கே சொந்தம் என்று அதில் இருந்தது. கீழே என் கையெழுத்து.

"நான் எப்படிச் செத்தேன்னு போட்டிருக்குதுங்க?" என்று கேட்டாள் அவள். கோபமே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். வக்கீல் எங்கள் பக்கம் திரும்பினார்.

"வில்லங்கம் போட்டிருந்தா இது வந்திருக்கும். செத்துட்டாங்கன்னா சர்ட்டிபிகேட் கேட்டிருக்கணும். பூட்டின அறையத் திறந்து பாக்காம யாராவது பணம் குடுப்பாங்களா?" என்றார் வக்கீல். அவள் உரிமை எங்களையும் கட்டுப்படுத்தும். நஷ்டத்துக்கு விற்றவர்மேல் வழக்குப் போடலாம். போட்டோம். நான்கு வருடம் கழித்துத் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. பணத்தை வாங்கப் போனால், கோயமுத்தூர் விலாசத்தில் அப்படி ஓர் ஆளே இல்லை.

அவள் ஐந்து வருடம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள். எத்தனை கூப்பிட்டும் எங்கள் வாசல் வழியாக வந்ததில்லை. பேச்செல்லாம் சுவர் வழியாகத்தான். நான் குரல் கொடுத்து, பதில் வரத் தாமதமானால் சுவரைத் தட்டுவேன். ஓர் ஆவணிக் காலையில் பதில் வரவேயில்லை.

மரணத்தைப் பதியப் பஞ்சாயத்து ஆபீசுக்கு நானே போனேன். இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டார் கிளார்க்.

"ஒரே ஊட்டுல இருந்தோமுங்க" என்றேன்.