நடுப் பாகத்தை முதலில் வாசித்தவர்

பான் நகரில் பேருந்து ஓட்டும் ஜசிந்தாவுக்கு ஐம்பத்துமூன்று வயது. ஊர்காவற்றுறையில் பிறந்து, 1991இல் ஜெர்மனிக்கு வந்தவர். ஹோட்டல்களில் படுக்கை விரித்தார், மருத்துவமனைச் சலவையறையில் நின்றார். நாற்பதாவது வயதில் சாரதிப் பரீட்சை எழுதி முதல் முறையிலேயே தேறினார். குரல் பெரிது. வண்டிக்குள் யாராவது கெபாப் பொதியைப் பிரித்தால் கண்ணாடியில் பார்த்தபடியே அதட்டுவார். மாயாஜாலக் கதைகள் வாசிக்கும் பழக்கம் சாரதிகளின் ஓய்வறையில் தொற்றியது.

எங்கள் வாசகர் வட்டம் மாதத்தில் ஒரு ஞாயிறு தேவாலயத்தின் பின்னறையில் கூடும். கூட்டக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. சென்ற பெப்ரவரியில் ஜசிந்தா முதன்முறையாக வந்தார். அன்று பேச எடுத்திருந்தது பிரபாலினியின் மூன்று பாக நாவலின் இரண்டாம் பாகம்.

பிரபாலினி இங்கேயே பிறந்து வளர்ந்த மருந்தாளர். ஜெர்மன் மொழியில் எழுதுகிறார். முதல் பாகம் நன்றாகப் போனது, இரண்டாவது போகவில்லை. அதைப் பாதியாக வெட்டி மூன்றாம் பாகத்தோடு ஒட்டி ஒரே புத்தகமாகத் தந்தால்தான் மூன்றாவதை வெளியிடுவோம் என்று பதிப்பகம் சொல்லிவிட்டது. மறுநாள் பதில் கொடுக்க வேண்டும். வாசித்தவர்களின் கருத்தைக் கேட்டு முடிவெடுக்கலாம் என்று வந்திருந்தார்.

கதை இதுதான். எதிரிகள் சூழ்ந்த கோட்டையிலிருந்து நேரா என்ற மந்திரக்காரப் பெண் தப்புகிறாள். அவளுக்குப் பின்னால் வாசல் மூடப்படுகிறது. தாய் உள்ளே. அது முதல் பாகம். இரண்டாம் பாகத்தில், மந்திரம் பலிக்காத ஒரு துறைமுக நகரில், சாயப்பட்டறையில் வேலை செய்துகொண்டு, அங்கிருந்து புறப்பட அனுமதிக்காகக் காத்திருக்கிறாள். விட்டு வந்த கோட்டையும் தாயும் அதில் ஓரிரு வரிகளில்தான் வருகின்றன.

எங்கள் வட்டத்துச் சதீசன் தொடங்கினார். "பிரபாலினி, குறை நினைக்காதேங்கோ. நானூறு பக்கத்திலை ஒருக்காத்தான் வாள் உருவுறாங்கள். அதுவும் சாப்பாட்டுக்குப் பாண் வெட்ட."

"முதலாம் பாகத்தாலை நான் இறங்கவேண்டிய ஸ்டேசனை விட்டனான்," என்றார் றீற்றா. "இதாலையும் விட்டனான். ஆனா இது நித்திரையாலை."

பிரபாலினியும் சேர்ந்து சிரித்தார். சிரித்தபடியே தன் பிரதியில் பென்சிலால் பக்கம் பக்கமாகக் குறுக்குக் கோடு போடத் தொடங்கினார்.

"பொறுங்கோ," என்றார் ஜசிந்தா. "இது ரெண்டாம் பாகமோ?"

அவர் கையில் இருந்தது நகர நூலகத்துப் பிரதி. புத்தகத்தின் முதுகில் இருந்த பாக எண்ணின் மேலேயே நூலகத்தார் தங்கள் சீட்டை ஒட்டியிருந்தார்கள். முதல் பாகம் ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

"அக்கா, நீங்கள் இடையிலை ஏறியிருக்கிறியள்!" என்றார் சதீசன்.

"என்ரை பஸ்ஸிலை எல்லாரும் இடையிலைதான் ஏறினம், தம்பி. ஒருத்தரும் விளங்கேல்லை எண்டு அழுறேல்லை." பிறகு பிரபாலினி பக்கம் திரும்பினார். "பிள்ளை, எனக்கு ஒண்டு சொல்லும். தாயை உள்ளை விட்டிட்டு கோட்டைக் கதவைப் பூட்டினது இவள்தானே?"

முதல் பாகத்தில் வாசல் மூடப்பட்டது என்று மட்டும்தான் இருக்கிறது. யார் மூடியது என்று இல்லை. இரண்டு பாகங்களையும் வாசித்த நாங்கள் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"நான் அப்பிடி எழுதேல்லை, அன்ரி," என்றார் பிரபாலினி.

"எழுதியிருக்கிறீர். இந்தப் புத்தகம் முழுக்க அவள் ஒரு கதவும் சாத்திறாள் இல்லை. பட்டறையிலை கதவைத் திறந்துபோட்டு ஏச்சு வாங்குறாள். வீட்டுக்காரன் பூட்டினால் பனிக்குள்ளை போய்ப் படியிலை படுக்கிறாள். நான் நாள் முழுக்கக் கதவு பூட்டுறவள், பிள்ளை. ஒரு ஆள் ஓடி வரும், கண்ணாடியிலை தெரியும், நேரம் போயிடும், பூட்டத்தான் வேணும். அண்டைக்கு முழுக்க அந்த முகம் போகாது. இவளுக்கு அது போகேல்லை."

பிரபாலினி வேகமாகப் பக்கங்களைப் புரட்டினார். சாயப்பட்டறை, வீட்டுக்காரன், பனிப்படி: எல்லாம் அங்கே இருந்தன. கோடு போட்ட பக்கங்களில்தான் இருந்தன. நாங்களும் எங்கள் பிரதிகளைத் திறந்தோம். சலித்துத் தள்ளிய அதே பக்கங்களை, முதல்முறை பார்ப்பதுபோல், சத்தமில்லாமல் வாசித்தோம். சதீசன் மெல்ல, "ஐயோ," என்றார்.

"ஏன் அப்பிடி எழுதினனான் எண்டு எனக்கே தெரியாது," என்றார் பிரபாலினி. அழுத்தி அழுத்தி அந்தக் கோடுகளை ரப்பரால் அழித்தார். பிறகு, தன்னைவிட இருபது வயது மூத்த, தன் கதையின் நடுவை மட்டும் அறிந்த அந்தப் பெண்ணிடம், கதையை எழுதியவரே கேட்டார்: "அன்ரி, கதவைப் பூட்டின பிறகு தாய் உள்ளை இருந்து தட்டினவவோ?"

ஜசிந்தா யோசித்தார்.

"தட்டேல்லை. தட்டியிருந்தால் இவள் திறந்திருப்பாள் எண்டு அவவுக்குத் தெரியும்."

பிரபாலினி கைபேசியோடு தாழ்வாரத்துக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமையாதலால் பதிப்பகத்தில் யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் பாகத்தில் ஒரு வரியும் வெட்டமாட்டேன், அதற்காக மூன்றாவதை நீங்கள் வெளியிடாவிட்டாலும் பரவாயில்லை என்று அவர் ஜெர்மன் மொழியில் குரலஞ்சலில் சொல்லிவைத்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.