ஓட்டு எங்கே போனது என்று கேட்டவர்

ஒரு புதன்கிழமை மதியம், ஷார்ஜாவில் நான் வேலை பார்க்கும் ஹோட்டலின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. தாய்லாந்து எண் ஒன்றிலிருந்து ஒரு படம். பூக்களுக்கு நடுவே பிரானீ அக்காவின் முகம். கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரிகள். அவருடைய தம்பி விச்சாய் எழுதியிருந்தார். "அக்கா இன்று காலை போய்விட்டார். ஜெசிந்தாவிடம் சொல்லச் சொன்னார்." அந்த இரண்டாவது வரியைப் படித்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. சாகப்போகிற நேரத்திலும் யார் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நம் ஹோட்டலில் அவரோடு வேலை பார்த்து, இன்று ஊரிலும் தோஹாவிலும் அல் கோபாரிலும் இருக்கிற நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் ராணி அக்கா. பிரானீ என்றால் அவர்கள் மொழியில் இரக்கம் என்று பொருள். நம் காதில் அது வேறு மாதிரி விழுந்ததால், ஒரு பெண்ணை அப்படிக் கூப்பிட மனம் வராமல் முதல் எழுத்தை விட்டுவிட்டோம். ஏன் எல்லோரும் தன்னை ராணி என்கிறார்கள் என்று அவர் ஒருநாள் என்னிடம் கேட்டார். தயங்கித் தயங்கிக் காரணத்தைச் சொன்னேன். கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு அப்படிச் சிரித்தார். "வேலை பிராணி மாதிரி, பேரு ராணி மாதிரி. சரியாத்தான் இருக்கு" என்றார். இந்தியும் ஆங்கிலமும் நம்மிடம் கற்ற தமிழும் கலந்து பேசுவார். அவர் சொன்னவற்றை நான் இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

ஹோட்டலின் படுக்கை விரிப்புகளும் நம் எல்லோருடைய சீருடைகளும் அவர் பொறுப்பில் இருந்தன. தாய்லாந்தின் வடகிழக்கில் நெல் விளைகிற ஒரு கிராமத்துக்காரர். அம்மா சீக்கிரம் இறந்துவிட்டதால் விச்சாயை வளர்த்தவர் இவர்தான். ஷார்ஜாவின் முவைலா பகுதியில் ஹோட்டல் கொடுத்த ரூமில் என் கட்டிலும் அவர் கட்டிலும் அடுத்தடுத்து இருந்தன. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த எனக்கு, மீன் குழம்பின் புளிப்பைப் பற்றிச் சண்டை போட அங்கே கிடைத்த ஒரே ஆள்.

நான் அந்த ரூமுக்குக் குடிபோன வருஷம்தான் அவர்கள் நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. விச்சாய் அப்போதே ராணுவத்தில் இருந்தார். பாங்காக்கில் ஒரு நாற்சந்தியில் துப்பாக்கியோடு காவல் நிற்கும் படத்தை அக்காவுக்குப் பெருமையாக அனுப்பியிருந்தார். அக்கா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போன் போட்டு, அந்தத் துப்பாக்கி யாரைப் பார்த்து நிற்கிறது என்று கேட்டார். தனக்கு வந்த உத்தரவு அது என்று தம்பி சொன்னார் போலிருக்கிறது. "சரி. உத்தரவு முடிஞ்சதும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அந்தப் போன் வரவில்லை. தம்பியின் பிறந்தநாள் வந்தால் அவர் அன்று முழுவதும் யாரிடமும் பேசாமல் வேலை பார்ப்பார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நாங்கள் அதைப் பேசிக்கொண்டதில்லை.

ஆட்சியைப் பிடித்த தளபதியே பிறகு சீருடையைக் கழற்றிவிட்டுப் பிரதமராக நீடித்தார். அது எப்படி என்று நான் கேட்டபோது அக்கா விளக்கினார். மக்கள் ஓட்டுப் போட்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பிரதமர் யார் என்று முடிவு செய்யும்போது ராணுவம் அமர்த்திய மேலவையும் சேர்ந்து ஓட்டுப் போடும். "எங்க ஊர்ல ஓட்டு போடுறது கஷ்டம் இல்ல ஜெசிந்தா. போட்ட ஓட்டு போய்ச் சேர்றதுதான் கஷ்டம்" என்றார்.

அப்படியும் அடுத்த தேர்தல் வந்தபோது முதல் ஆளாகப் பெயரைப் பதிந்தார். வெளிநாட்டில் இருக்கும் தாய்லாந்துக்காரர்கள் அங்கங்கே தங்கள் தூதரகத்தில் ஓட்டுப் போடலாம். துபாயில் ஓட்டுப் போடும் நாளில் ஹோட்டலில் பெரிய கல்யாணம் ஒன்று இருந்ததால் மேலாளர் லீவு இல்லை என்றார். யார் ஓட்டுப் போட்டாலும் கடைசியில் ராணுவம்தானே உட்காரப் போகிறது, எதற்கு இந்த அலைச்சல் என்றும் கேட்டிருக்கிறார். அக்கா கோபப்படவில்லை. கல்யாணத்துக்கு வேண்டிய மேசை விரிப்புகள் அத்தனையையும் முந்தின நாளே தேய்த்து அடுக்கிவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். "வேலை முடிஞ்சது. இனி யார் உட்காருவாங்கன்னு நான் போய்ச் சொல்லிட்டு வரேன் சார்" என்றார். மேலாளர் தலையாட்டினார்.

அன்று எனக்கு வாராந்திர லீவு. நானும் கூடப் போனேன். மே மாத வெயிலில் மசாஜ் நிலையத்துப் பெண்கள், சமையல்காரர்கள், ராஸ் அல் கைமாவிலிருந்து வந்த வெல்டர்கள் என்று நல்ல உடை உடுத்தி வரிசையில் நின்றார்கள். வெளியே வந்த அக்கா தமிழில் "போட்டாச்சு" என்றார். நீ எப்போது போடுவாய் என்று கேட்டார். எங்களுக்கு இங்கே ஓட்டுப் போட வழியில்லை, ஊருக்குப் போய்த்தான் போட வேண்டும் என்றேன். அவரால் நம்ப முடியவில்லை. இத்தனை லட்சம் பேர் இங்கே இருக்கிறீர்களே, யாரும் கேட்கவில்லையா என்று பஸ் முவைலா வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

அக்கா ஓட்டுப் போட்ட கட்சிதான் முதலிடத்தில் வந்தது. ராணுவம் அரசியலை விட்டுப் போக வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசிய கட்சி அது. அன்று அவர், துணிகள் அடுக்கும் லினன் அறைக்கு வந்த எல்லோருக்கும் கரக் டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் பிரதமரைத் தேர்ந்தெடுக்கிற நாள் இன்னும் வரவில்லை.

அந்த நாளை நம் சாப்பாட்டு அறையில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மதியச் சாப்பாட்டு நேரம். அக்கா போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தார். அவர்கள் பாராளுமன்றத்தில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவரும் எழுந்து ஆதரவு, எதிர்ப்பு, இல்லை நடுநிலை என்று வாயால் சொல்ல வேண்டும். ராணுவம் அமர்த்திய மேலவைக்காரர்களில் பெரும்பாலோர் எழுந்து, "ங்கோட் ஓக் சியாங்" என்றார்கள். நான் ஓட்டுப் போடவில்லை என்று பொருள். வரிசையாக அதையே கேட்டு நமக்கெல்லாம் அந்தச் சொல் மனப்பாடம் ஆகிவிட்டது. இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்று கேட்ட சமையல்காரரிடம் நேபாளத்துக்காரர் ஒருவர் "ங்கோட் ஓக் சியாங்" என்று சொல்ல, அறையே சிரித்தது. அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவும் இடத்தில் நின்றவர், நான் போய்த் தோளைத் தொடும்வரை திரும்பவில்லை.

போதிய ஓட்டுச் சேராமல் அக்காவின் கட்சித் தலைவர் பிரதமராக முடியவில்லை. அதைவிட அவரைக் காயப்படுத்தியது அடுத்து வந்த கூட்டணி. இரண்டாவதாக வந்த கட்சி, எந்த ராணுவ ஆதரவுக் கட்சிகளோடு சேர மாட்டோம் என்று ஊர் ஊராகச் சொல்லி ஓட்டுக் கேட்டதோ, அவர்களோடேயே சேர்ந்து ஆட்சி அமைத்தது. அக்காவின் கிராமம் முழுக்க அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்ட கிராமம். அவருடைய சித்தி போனில் அழுததாகச் சொன்னார். கிராமத்தில் அவரவர் வீட்டில் உட்கார்ந்து எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தார்கள். யாரிடம் போய்க் கேட்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

சில மாதங்கள் கழித்து, அந்த இரண்டாவது கட்சியின் பிரமுகர் ஒருவர் துபாய்க்கு வந்தார். தாய்லாந்து உணவகம் ஒன்றில் அவருக்கு மதிய விருந்து. அமீரகத்தில் வேலை பார்க்கும் அவர்கள் நாட்டு ஆட்களையும் அழைத்திருந்தார்கள். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பிரமுகர் நன்றாகத்தான் பேசினார். எல்லோரும் விசா, விமான டிக்கெட், ஊரில் பிள்ளைகளின் படிப்பு என்று கேட்டார்கள். பிறகு அக்கா எழுந்தார். இரண்டு கைகளையும் குவித்து வணங்கினார். ஏதோ சொன்னார். சத்தம் உயரவில்லை, முகத்தில் கோபமும் இல்லை. ஆனால் அறையில் கரண்டிகளின் சத்தம் நின்றுவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் சொன்னார்.

"முதல்ல என் பேரு, ஊரு, அப்பா பேரு சொன்னேன். அப்புறம் கேட்டேன். எங்க சித்தி ராணுவம் வேண்டாம்னு உங்களுக்கு ஓட்டு போட்டாங்க. அந்த ஓட்டு இப்ப ராணுவத்துக்காரங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கு. அவங்க ஓட்டத் திருப்பி வாங்கணும்னா எங்க வரணும்? அந்த இடத்தச் சொல்லுங்க, அவங்களக் கூட்டிட்டு வரேன்."

நாடு ஒற்றுமையாக இருக்க எல்லோரும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பிரமுகர் பதில் சொன்னாராம். "யாரும் விட்டுக்கொடுக்கல. எங்க சித்திக்கிட்டருந்து எடுத்துக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடி வணங்கி உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பயமாக இருந்தது. "அக்கா, நம்ம வேலைக்கு வந்த எடத்துல இதெல்லாம் தேவையா?" என்றேன். "அவரு கேள்வி கேளுங்கன்னு சொன்னாரு. நான் கேட்டேன்" என்றார்.

யாரோ அதைப் போனில் படம் பிடித்திருந்தார்கள். அது தாய்லாந்துக்குப் போய், கைக்குக் கை பரவியது. துபாயில் அவருக்குத் தெரிந்த ஓர் அம்மா ரூமுக்கே வந்து, மன்னிப்புக் கேட்டு நான்கு வரி எழுதிப் போட்டுவிடு, எல்லோருக்கும் நல்லது என்றார். அக்கா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார். எழுத மாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். அவர் பயந்தது ஒன்றுக்குத்தான். "விச்சாய்க்கு ஏதாவது ஆயிருமோ" என்று அன்று மட்டும் பலமுறை கேட்டார். தம்பியின் பெயரை அவர் வாயிலிருந்து அவ்வளவு காலம் கழித்து அப்போதுதான் கேட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் விச்சாயே கூப்பிட்டார். நான் பக்கத்துக் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அக்கா அதிகம் பேசவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்தபிறகு, கையை மடியில் வைத்துக்கொண்டு எனக்குச் சொன்னார். மேலதிகாரி அந்தப் படத்தைக் காட்டி, இந்தப் பெண் உனக்கு யார் என்று விச்சாயைக் கேட்டிருக்கிறார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வேறு வேறு ஊர், பேசியே பல வருஷம். "என் அக்கா, என்னை வளர்த்தவங்கன்னு சொல்லிட்டானாம்" என்றார். அவரை எல்லைப் பக்கத்து முகாம் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். பரவாயில்லை, இங்கே காற்று நன்றாக இருக்கிறது என்றாராம். இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். அந்தத் தேர்தலில் பாசறையில் இருந்த அவரும் அக்கா போட்ட கட்சிக்கே ஓட்டுப் போட்டிருக்கிறார். அக்கா அன்று அழுதார், சிரித்தார், பிறகு முகம் கழுவிக்கொண்டு டியூட்டிக்குப் போனார்.

பின்னால் அந்தக் கட்சியையே நீதிமன்றம் கலைத்தது. நான் துக்கம் விசாரிப்பதுபோல் போய் நின்றேன். "வேற பேர்ல வருவாங்க. ஓட்டுச் சீட்டுல அந்தப் புதுப் பேர நான் கண்ணாடி போட்டுப் படிச்சுக்கிறேன்" என்றார். அப்போதே வயிற்றில் வலி தொடங்கியிருந்தது. கட்டி என்று தெரிந்ததும் வேலையை விட்டு ஊருக்குப் போனார். ஷார்ஜா விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, புளி குறைவாகப் போடு என்று மட்டும் சொன்னார். ஊரில் அவரை வரவேற்க விச்சாய் லீவு எடுத்து வந்திருந்தார். கடைசி மாதங்களில் அவர்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். கிராமத்து வீட்டு வாசலில் இருவரும் பப்பாளி தின்றுகொண்டிருக்கும் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது.

அவருக்குச் சொந்த வீடோ பதவியோ இருந்ததில்லை. அவர் நாட்டில் கூட்டணிகள் மாறின, பிரதமர்கள் மாறினார்கள், அவர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. ஆனாலும் அவரோடு ஒரே ரூமில் இருந்தேன் என்று சொல்லும்போது என் முதுகு தானாக நிமிர்கிறது.

நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டது, அவர் எழுந்து நின்ற விதத்தை. போன வாரம் ஹோட்டல் ஊழியர் கூட்டத்தில், பெண்கள் தங்கும் கட்டடத்தில் தண்ணீர் வராததைப் பற்றி எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்தேன்.

"என் பெயர் ஜெசிந்தா. அப்பா பெயர் அந்தோணி. ஊர் தூத்துக்குடி. எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது" என்றேன்.