சுகப்பிரசவம், மூணு கிலோ

பெரிய பெட்ஷீட்டை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி நின்று உதறி, பாதியாக்கி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து கைமாற்ற வேண்டும். எங்கள் சலவைக்கூடத்தில் என் எதிர்முனையில் நின்றவள் நெட்டை. நான் குட்டை. இந்தப் பெயர்களை யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஒரு கை பார்த்திருப்பேன். ஆஸ்பத்திரி விரிப்பும் ஓட்டல் விரிப்புமாக மலை மாதிரி வந்து விழும். பொழுது முழுக்க அவள் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து வந்து போகும். அவள் வாய் திறக்காவிட்டாலும் அன்றைக்கு என்ன சேதி என்று எனக்குத் தெரிந்துவிடும்.

கல்யாணமாகிப் பல வருஷம். குழந்தை இல்லை. அவள் புருஷன் ஃபேன் மெக்கானிக், பேசினால் காசு கொடுக்க வேண்டுமோ என்று பயந்தவர் போல இருப்பார். ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, முழுங்காத மாத்திரை இல்லை. கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்து, தத்து கேட்டு எழுதிப்போட்டுக் காத்திருந்தார்கள். வேறொரு ஊரிலிருந்த இல்லத்தில் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றைக் காட்டினார்கள். யாரிடமும் போகாத குழந்தை. நெட்டை கையை நீட்டினால் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அந்த அறையில் ஒரு சீலிங் ஃபேன் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்ததாம். மனுஷனால் சும்மா இருக்க முடியுமா? ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டார். குழந்தை தூணை விட்டு வந்து கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியதும் அவரைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கியது.

"தூக்குன்னு கேட்டுச்சு குட்டை. அவர் கை முழுக்க கிரீஸ். தூக்கலாமா வேண்டாமான்னு நிக்கறார். நான்தான் தூக்குங்கன்னு கத்தினேன்" என்றாள் நெட்டை. அன்றைக்கு அவள் மடித்த விரிப்பு ஒன்றுகூட நேராக வரவில்லை.

குழந்தைக்கு யாரும் விலை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது போலீஸ் கதை. ஆனால் குழந்தையிடம் போய்ச் சேரும் வழி முழுக்கச் செலவு. பதிவுக் கட்டணம், இருவருக்கும் உடம்புப் பரிசோதனை, வக்கீல், கோர்ட்டு, அந்த ஊருக்குப் போக வர பஸ். போதாக்குறைக்கு வீட்டைப் பார்க்க வந்த தத்து ஆபீஸ் அதிகாரி, மூன்றாம் மாடி என்பதால் ஜன்னலுக்கும் பால்கனிக்கும் கம்பி போடச் சொல்லிவிட்டார். அவர்கள் வைத்த கெடுவுக்குள் எல்லாம் முடியாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கும் தம்பதிக்கு அந்தக் குழந்தையைக் காட்டிவிடுவார்கள்.

பேங்குக்கு என்னையும் துணைக்கு அழைத்துப் போனாள்.

"எதுக்கும்மா லோன்?"

"குழந்தைக்கு சார்."

"ஸ்கூல் ஃபீஸா?"

"இல்ல சார். குழந்தைக்கே."

அந்த ஆள் கம்ப்யூட்டரில் எதையோ மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். பைக்குக்கு உண்டு, ஃபிரிட்ஜுக்கு உண்டு, கல்யாணத்துக்குக்கூட உண்டு. "குழந்தைன்னு ஒண்ணும் வரலையே" என்றார், நாங்கள் ஏதோ கடையில் இல்லாத சாமானைக் கேட்டுவிட்டதைப் போல.

அவள் அண்ணன் வசதியான ஆள். அவர் வேறு மாதிரிக் கையை விரித்தார். "யார் பெத்ததோ என்னவோ. என் மச்சினனுக்கு மூணாவதும் பொண்ணு. அதை எடுத்து வளர்த்துக்கோ, செலவெல்லாம் என்னுது." மச்சினன் பாரத்தைத் தங்கை தலையில் கட்டப் பார்த்த அந்தப் பெரிய மனுஷனை நினைத்தால் இப்போதும் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது. அண்ணி கொடுத்த காப்பியை நெட்டை குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

அப்புறம்தான் கஞ்சி அண்ணன் வருகிறார். டாக்டர் கோட்டுக்கும் ஓட்டல் சிப்பந்தி சட்டைக்கும் கஞ்சி போடும் தொட்டி அவருடையது. அவர் சட்டையும் எப்போதும் அட்டை மாதிரி நிற்கும். எங்கள் தொழிலாளர் நலநிதிக்கு அவர்தான் செயலாளர். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பணம், கல்யாணம், பிரசவம், ஆபரேஷன், சாவு என்று நான்கு காரியத்துக்குக் கொடுப்போம். புதிதாக ஒன்றைச் சேர்க்க வருஷக் கூட்டம் கூடவேண்டும். அதற்குள் கெடு ஓடிவிடும்.

அண்ணன் ஒரு நாள் முழுக்கத் தொட்டியைக் கிண்டிக்கொண்டே யோசித்தார். சாயங்காலம் எங்கள் மேஜைக்கு வந்தார்.

"இந்தாம்மா நெட்டை, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. சாவு வேண்டாம். ஆபரேஷனுக்கு டாக்டர் சீட்டு கேப்பாங்க. பிரசவத்துக்கு ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அதுதான் எங்கள் நிதியின் பழைய வழக்கம். அந்தக் காலத்தில் பாதிப் பேருக்கு வீட்டிலேயே பிரசவம். சர்டிபிகேட்டுக்கு எங்கே போவது? அதனால் கூட வேலை செய்கிறவர்கள் "பார்த்தோம்" என்று சாட்சி சொன்னால் போதும் என்று வைத்திருந்தார்கள். எப்போதாவது தலைமை ஆபீஸிலிருந்து ஓர் ஆள் வந்து எங்களைக் கேட்டுவிட்டுப் போவார்.

"எனக்குப் பொறக்கலைங்கறது ஊருக்கே தெரியும் அண்ணே" என்றாள் நெட்டை.

"தலைமை ஆபீஸுக்குத் தெரியாது. புள்ள வர்றது நெசம்தானே? எந்த வழியா வந்தா என்ன?"

அவள் வீட்டுக்குப் போய் மெக்கானிக்கிடம் கேட்டிருக்கிறாள். அவர் தன் டூல் பெட்டியை விற்றால் என்ன கிடைக்கும் என்று மட்டும் கேட்டிருக்கிறார். டூல் பெட்டி போனால் சோறு போகும். மறுநாள் வந்து சரி என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணன் எல்லோருக்கும் பாடம் நடத்தினார். பெண் குழந்தை. சுகப்பிரசவம். மூணு கிலோ. கறை எடுக்கும் பிரிவில் இருந்த கறை அக்காவுக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துப்போய், "அப்படியே அம்மா ஜாடைன்னு நான் சேத்துக்கறேன்" என்றாள். சிரித்தோம். பணம் வந்தது. வக்கீலுக்குப் போயிற்று, ஆஸ்பத்திரிக்குப் போயிற்று, மூன்றாம் மாடி ஜன்னல்களுக்குக் கம்பி ஏறியது.

தலைமை ஆபீஸ் ஆள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று அண்ணன் சொல்லியிருந்த வாரம். நெட்டை வண்டியில் மூட்டை ஏற்றப் பின்பக்கம் போயிருந்தாள். நான் டிராலி தள்ளிக்கொண்டு ஈரத்துணி எடுத்துவரப் போயிருந்தேன். கைப்பையும் ஃபைலுமாக ஓர் அம்மாள் உள்ளே வந்து நெட்டையின் முழுப் பெயரைச் சொல்லி, "குழந்தை விஷயமா விசாரிக்க வந்திருக்கேன்" என்றிருக்கிறார். அவ்வளவுதான். நம் ஆட்கள் தயாராக அல்லவா நின்றார்கள்!

நான் டிராலியோடு திரும்பியபோது கறை அக்கா கையை வீசி வீசிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"சுகப்பிரசவம்மா. மூணு கிலோ. நாங்க எல்லாரும் போய்ப் பாத்தோம். அப்படியே அம்மா ஜாடை."

"அப்ப அவங்களுக்கு ஏற்கெனவே குழந்தை இருக்கா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"இருக்கே. நேத்துகூட பால் குடிக்க மாட்டேங்குதுன்னு சொல்லிட்டிருந்தா."

நீராவி ரோலர் பக்கம் நின்றவர்களும் ஆளுக்கொன்று எடுத்துவிட்டார்கள். ஒருத்தி தொட்டில் வாங்கிக் கொடுத்தாளாம். அந்த அம்மாளின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை மறுபக்கம் திரும்பியிருந்தது. அவர் குனிந்து எழுதும்போது அது புரண்டது. படித்தேன். தத்து ஆபீஸ். "அம்மா, இவங்க சும்மா..." என்று ஆரம்பித்தேன். சும்மா என்ன? எதைச் சொன்னாலும் ஒரு பக்கம் இடிந்துவிடும். மூடிக்கொண்டேன். அவர் ஃபைலை மூடிக்கொண்டு போய்விட்டார்.

பெற்ற பிள்ளையை மறைத்துத் தத்து கேட்ட குடும்பம் என்று ஃபைல் நின்றுபோனது. இரண்டு வாரத்துக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள்.

உண்மையைச் சொன்னால் நிதியை ஏமாற்றியவள். வேலை போகும். வேலை போனால் வருமானம் காட்ட முடியாது, குழந்தை கிடைக்காது. சொல்லாவிட்டால் பிள்ளையை மறைத்தவள், அப்போதும் குழந்தை கிடைக்காது. அந்த நாட்களில் அவள் விரிப்பின் முனையைப் பிடித்து நடந்து வருவாள், என் கையில் கொடுக்க மறந்து நின்றுவிடுவாள். "எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரா இருக்கு குட்டை" என்றாள். வீட்டில் புதுக் கம்பிக்குப் பின்னால் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்று மெக்கானிக் என்னிடம் வந்து சொன்னார். அவராக வந்து பேசியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

கறை அக்கா மூலையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் திட்டவும் மனம் வரவில்லை. சொல்லிக்கொடுத்ததைத்தானே சொன்னாள்.

நெட்டை தத்து ஆபீஸுக்குப் போனாள். பிள்ளை பெறவில்லை என்றாள். "அத்தனை பேர் சொன்னது பொய்யா? அப்படின்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார் அதே அம்மாள். ஊரார் கேட்டபோதெல்லாம் எதை மறைத்து மறைத்துத் தலை குனிந்தாளோ, அதையே கெஞ்சிக் கேட்டு எழுதி வாங்கினாள். இவள் ஒருபோதும் பிள்ளை பெற்றதில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எதற்காக அந்தப் பொய் என்று கேட்டபோது அதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

அந்த அம்மாள் டாக்டர் எழுதியதை இன்னொரு தடவை படித்தாராம். "நான் கேட்டது குழந்தை இருக்கான்னு. இல்லைன்னு எழுதிக்கறேன். உங்க நிதிக்காரங்க என்கிட்ட கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார். அதற்கு மேல் அவரால் என்ன செய்ய முடியும்? நல்ல மனுஷி என்றே நான் சொல்வேன்.

ஆனால் அதே வாரம் தலைமை ஆபீஸ் ஆளும் வந்து சேர்ந்தார். பயந்துபோயிருந்த எங்கள் சாட்சிகளில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. நெட்டை என் கையில் விரிப்பைக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முன்னால் போனாள். அதற்குள் கஞ்சி அண்ணன் தொட்டியை விட்டு வந்து குறுக்கே நின்றார்.

"சார், இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. கடன்னு சொல்லித்தான் இவகிட்ட பணத்தைக் கொடுத்தேன். பிரசவம்னு எழுதினது நான்."

"அண்ணே..."

அவளைப் பார்க்காமலே மெதுவாகச் சொன்னார். "நீ வாயைத் திறந்தேன்னா புள்ள அங்கேயே நிக்கும். பேசாம மடி."

அவள் மடித்தாள். நான் எதிர்முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் உதடு கடித்ததில் ரத்தம் வந்ததை நான்தான் பார்த்தேன். அண்ணனுக்கு வேலை போனது. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்தது. அந்தப் பணத்தைக் கடனாக்கி அவள் சம்பளத்தில் பிடித்தார்கள். அது தீரும்வரை அவள் வேறு எங்கும் போக முடியாது. அண்ணன் இல்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டே தினமும் அங்கேதான் நிற்க வேண்டும். "உண்மை சொல்ல எனக்கு ஒரு இடம்தான் குடுத்தாங்க" என்று ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

கோர்ட்டு முடிந்து குழந்தை வந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமையே நெட்டை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கஞ்சி அண்ணன் வீட்டுக்குப் போனாள். வழி நெடுக, என்ன சொல்வது, காலில் விழலாமா என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள். அண்ணன் வாசலில் மேஜை போட்டு அக்கம்பக்கத்தார் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் சட்டையில் கஞ்சி இல்லை. சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

எங்களைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். யாரிடமும் போகாத குழந்தை அவரையும், மேஜையையும், இஸ்திரிப் பெட்டியையும் பார்த்தது. பிறகு இரண்டு கையையும் தூக்கியது. அவர் வாங்கி ஒரு தடவை மேலே தூக்கி எடை பார்த்தார்.

"மூணு கிலோன்னு எழுதிட்டேன்" என்றார். "கொஞ்சம் கூடத்தான் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெட்டைக்கு வரவில்லை. மேஜையில் அவர் பாதியில் விட்டிருந்த விரிப்பின் ஒரு முனையை எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் எதிர்முனையை எடுத்தார்.