உதிரிப் பழங்களை எண்ணிய தவமலர்

நான் நாடு நாடாகச் சுற்றிவிட்டு 1998-இல் மலாக்கா திரும்பியபோது, என் தங்கை தவமலர் அங்கே ஆயர் குரோவில் உள்ள பல்கலைக்கழகத்தில் கணினிப் பார்வை என்ற பாடம் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளி விடுமுறைகளில் அம்மாவோடு எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவள் அவள். இப்போது, படத்தைப் பார்த்தே குலை பழுத்ததா என்று கணினி சொல்லும்படி செய்ய வேண்டும். தேர்ச்சி அதில்தான் இருந்தது.

விரிவுரையாளர் சந்திரகாசன் அவளுடைய படங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“குலையோட நிறத்தப் பார்க்கச் சொன்னா, தரையைப் படம் பிடிச்சிருக்கியேம்மா!”

“நிழல்ல நிறம் ஏமாத்தும் சார். மரத்தடியில பழம் உதிர்ந்து கெடந்தாத்தான் நாங்க குலைய வெட்டுவோம். என் புரோகிராம் அதைத்தான் எண்ணுது.”

“இது யுனிவர்சிட்டி லா, எஸ்டேட் இல்ல. மாத்திட்டு வா, இல்லன்னா ஃபெயில்.”

அவள் ஒரு வரியையும் மாற்றவில்லை. தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் வெட்டிச் சோதித்த நாற்பது குலைகளை, வெட்டுமுன் தரையோடு சேர்த்துப் படமெடுத்திருந்தாள். மறுவாரம் அவர் சொன்ன முறையையும் தன் முறையையும் அவர் எதிரிலேயே ஓட்டினாள். நிறம் பார்த்த முறை பதினொன்றில் தவறியது, அவளுடையது மூன்றில்.

“சரி, பாஸ் போடுறேன். கெளம்பு.”

“எந்த முறை சரின்னு தாள்ல எழுதிக் குடுங்க சார்,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் தவமலர்.