சுலோசனாவின் நீலச் சுவர்

காட்டுப்பாக்கத்தில் மகள் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பேத்தி பவித்ராவிடமிருந்து போன் வந்தது. "ஆயா, சுலோசனா பாட்டி இறந்துட்டாங்க. காலையில எழுந்திருக்கவே இல்ல" என்றாள். கட்டியிருந்த புடவையோடு நம் கள்ளிக்குப்பத்துக்குக் கிளம்பினேன். பூந்தமல்லி சாலையில் பஸ் நகரவே இல்லை. எனக்கு அழுகையும் வரவில்லை. அவள் வரைந்த அந்த நீலச் சுவரை இனி யார் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் நினைத்தேன். செத்தவளை விட்டுவிட்டுச் சுவரை நினைக்கிறேனே என்று என்மேலேயே கோபம் வந்தது.

நம் தெருவில் பழைய ஆட்களுக்கு அவளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகக் குடிவந்தவர்களுக்காக எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

சுலோசனாவின் அப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். கை நடுக்கம் வந்தபிறகு மகள்தான் எழுதினாள். அம்பத்தூர் பக்கம் ஏணி மேல் நின்று பலகை எழுதிய முதல் பெண் அவள்தான் என்று நினைக்கிறேன். அவளுக்கு முன்னால் ஒருத்தியை நான் பார்த்ததில்லை. புடவைக்கு மேல் அப்பாவின் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறுவாள். ஒருமுறை நான் கூட இருந்தேன். கடைக்காரர் கீழே நின்று அவள் அப்பாவிடம், "இன்னா நைனா, போர்டு எழுத பொண்ணை ஏத்தி உட்டுகீற? நாலு பேரு வேடிக்கை பாக்குறான்" என்றார். மேலிருந்து இவள்தான் பதில் சொன்னாள். "அண்ணாத்தே, எழுத்து கோணலா கீதான்னு பாரு. ஏறினது யாருன்னு அப்பால பாத்துக்கலாம்." பலகையின் மூலையில் மட்டும் அப்பாவின் பெயர்தான் இருக்கும். அவர் போனபிறகும் அப்படியேதான் எழுதினாள். உன் பெயரைப் போடேன் என்றால், "என் வேலைன்னு ஒண்ணு செய்வேன்க்கா, அதுல போடறேன்" என்பாள்.

அந்த வேலை வேலப்பன்சாவடியில் ஆரம்பித்தது. காலேஜ் பிள்ளைகள் வருகிற ஒரு ஓட்டல்காரர், உள்சுவரில் வெளிநாட்டுப் படம் வேண்டும் என்று நாலைந்து தாளை அவள் கையில் கொடுத்தார். படிப்படியாக ஏறும் கோபுரங்கள், காட்டுக்கு நடுவே ஊர், தலையில் இறகு வைத்த மனிதர்கள். மாயா என்று ஒரு பழைய ஜனமாம். அவள் வரைந்து கொடுத்தாள். கொஞ்ச காலத்தில் ஓட்டல் மூடிப்போய் அந்தச் சுவரும் இடிந்தது. தாள்களை மட்டும் அவள் விடவில்லை. "யாருக்கா இவங்க? கோடு போட்டுகீறாங்க பாரு, ஒரு எடத்துல கை நடுங்கல" என்று என் வீட்டுக்கு வந்து நின்றாள்.

என் பேத்தி காலேஜில் சரித்திரம் படிக்கிறாள். பெருமைக்குச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவள் போனில் தேடிப் படித்து எங்கள் இருவருக்கும் தமிழில் சொன்னாள். மாயா ஜனங்கள் நட்சத்திரத்தைக் கணக்குப் பார்த்தார்களாம். சோளத்தைச் சாமி என்று கும்பிட்டார்களாம். பெரிய பெரிய ஊர்களை விட்டுப் போய்விட்டார்களாம், மரம் வளர்ந்து மூடிக்கொண்டதாம். அவர்கள் வம்சம் இன்னும் அங்கே சோளம் விதைக்கிறதாம். படம் வரைந்தவர்களில் சிலர் பானையிலேயே பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பவித்ரா சொன்னபோது சுலோசனா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பொம்பளைங்க பேரு கீதா?"

"ரொம்ப அபூர்வம் பாட்டி. பொம்பளைங்க துணி நெய்தாங்களாம்."

"அந்தத் துணியில வர்ற பூவு, பட்சி எல்லாம் யாரு போட்டது? அதுக்கு பேரு இன்னா, சமையலா?"

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. மறுநாளே, தன் வீட்டை ஒட்டி ஷீட் போட்டிருந்த கொட்டகையின் நீளச் சுவரில் கரிக்கோடு இழுக்க ஆரம்பித்துவிட்டாள்.

மாயாக்காரர்களிடம் ஒரு நீலம் உண்டு. அவுரியையும் ஒருவகை வெள்ளை மண்ணையும் சேர்த்துச் சூடு காட்டிச் செய்தார்களாம். எத்தனையோ காலத்து மழையிலும் வெயிலிலும் போகவில்லையாம். அதைக் கேட்டபிறகு கடை பெயிண்டை அவள் தொடவில்லை. நாட்டு மருந்துக் கடையில் அவுரிப் பொடி கேட்டாள். அது தலைச்சாயத்துக்கு வாங்குகிற பொடி. "இன்னாம்மா, இந்த வயசுல மாப்பிள்ளை பாக்குறாங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். "ஆமா, மாப்பிள்ளை சொவுருதான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். பொடியை ஊறவைத்து, அடித்து, அடியில் தங்கிய வண்டலை எடுத்து, நாமக்கட்டியை அரைத்துக் கலந்து, பழைய தோசைக்கல்லில் வறுப்பாள். அவர்கள் பிசின் புகை போட்டார்களாம், இவள் குங்கிலியம் போட்டாள். தெருவே கோயில் மாதிரி மணக்கும். "இன்னா விசேஷம் சுலோசனா?" என்று ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

நிறம் அழகாக வந்தது. விடியும்போது ஆவடிப் பக்கத்து ஏரியில் தெரியுமே, அந்த நீலம். ஆனால் தண்ணீரில் நிற்கவில்லை. கட்டைவிரலை நனைத்துச் சுவரில் தேய்த்துப் பார்ப்பாள். விரல் நீலமாகிவிடும். "இன்னும் புடிக்கலக்கா" என்று காட்டுவாள். சூடு போதவில்லையா, மண் வேறா, அவளுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. நிறம் நின்றுவிட்டால் தெருவைப் பார்த்த சுவரில் பெரிதாக வரைந்து பெயர் போடுவதாக இருந்தாள். அதுவரை பொறுக்க மனசில்லாமல் கொட்டகைச் சுவரில் அந்த நீலத்தைத்தான் முழுக்கப் பூசி, மற்றதையெல்லாம் அதன் மேல் வரைந்தாள். கோபுரம், சோளக்கொல்லை, தறியில் உட்கார்ந்த பெண்கள். நடுவில், தூரிகை பிடித்த ஒருத்தி. அந்த மாதிரி ஒரு முகத்தை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை. நெருங்கிப் போனால், "அக்கா, சாயாதே, புடவை போயிடும்" என்பாள்.

கருமாதிக்கு முந்தின நாள் காலையில், அங்கே சமையலுக்கு ஒத்தாசை செய்யப் போனேன். அவள் அண்ணன் மகன் தியாகு கொட்டகையில் நின்றுகொண்டிருந்தான். சட்டையெல்லாம் சுண்ணாம்பு. கையில் வெள்ளையடிக்கிற மட்டை. சாவு விழுந்த வீட்டுக்கு வெள்ளையடிக்காமல் நாம் கருமாதி செய்வதில்லை, அது அவனுக்கும் தெரியும். வீட்டுக்கு ஆள் வைத்துவிட்டு, இந்தச் சுவரை மட்டும் அவனே அடித்திருந்தான்.

"பெரிம்மா, வர்றவங்கள இங்கதான் குந்த வச்சு சோறு போடணும். வெள்ளை வேட்டியில நீலம் ஒட்டிக்கினா அத்தையத்தானே பேசுவாங்க? அத்தாலதான் ஆளாண்ட உடாம நானே அடிச்சேன்."

ஈரச் சுண்ணாம்பு கண்ணாடி மாதிரி. உள்ளே எல்லாம் தெரிந்தது. தூரிகை பிடித்தவளின் முகம்கூடத் தெரிந்தது. காய்ந்தால்தான் வெளுக்கும். "அடேய், அவ வேலைடா அது. அது ஒண்ணுதான்டா அவ வேலை" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அதுதான் இன்னும் மோசமாகிவிட்டது. "ஈரமாத்தான் கீது பெரிம்மா, கழுவிடலாம், கழுவிடலாம்" என்று குழாயைத் திருகி டியூபைப் பிடித்தான். நான் வேண்டாம் என்று கத்துவதற்குள் தண்ணீர் சுவரில் விழுந்துவிட்டது. முதலில் வெள்ளை இறங்கியது. அதன் பின்னாலேயே நீலம். நீலத்தின் மேல் நின்ற கோபுரமும் சோளமும் தறியும் அவளும் எல்லாம் சேர்ந்து இறங்கிச் சாக்கடைக்குப் போயின. சிமெண்டுதான் மிச்சம். தியாகு அந்த ஈரத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். அவனை யாரும் ஏசாதீர்கள். அத்தை மேல் உயிரை வைத்திருந்தவன். நேரே ஏசுவதற்கு ஒரு கெட்டவன் கிடைத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

படம் எடுத்து வைக்கவில்லையா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். பவித்ராவின் போனில் இருக்கிறது. அதில் நாங்கள்தான் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். எங்கள் தலைக்கும் தோளுக்கும் நடுவே சுவர் துண்டு துண்டாகத் தெரிகிறது. தூரிகை பிடித்தவள் நின்ற இடத்தில் நான் நிற்கிறேன்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அந்தச் சுவரை முழுதாகப் பார்த்த என் கண். எனக்கு வரைய வராது. படுத்தபின் இடது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு வருவேன். முன்பு தடங்கல் இல்லாமல் வந்தது. நேற்று நடுவில் நின்றுவிட்டேன். அந்தப் பெண் மறு கையில் நிறம் வைத்திருந்தாளே, அது சங்கிலா, கொட்டாங்கச்சியிலா? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பவித்ராவுக்கும் நினைவில்லை. சுலோசனாவைக் கேட்கலாம் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். யாரைக் கேட்பது?