வாரம் அரை பாட்டில் தண்ணீர்

மாமாவின் பிக்கப் வண்டிக்கு நான் எழுதிய அட்டவணையில் பதினோரு வரிகள் இருந்தன. எஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர், ஃபேன் பெல்ட், பிரேக் ஆயில், டயர் காற்று என்று வரிசையாக, எதை தினமும் பார்க்க வேண்டும், எதை வாரம் ஒருமுறை, எதை மாதம் ஒருமுறை என்று சிவப்பிலும் நீலத்திலும் எழுதி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, டிரைவர் பக்கக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தேன். பன்னிரண்டாவதாக ஒரு வரி எழுதியிருந்தால் மாமாவுக்கு, என் அக்காவின் கணவருக்கு, இன்றைக்கும் கண் இருந்திருக்கும். பேட்டரிக்குப் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகாதே. அவ்வளவுதான் அந்த வரி. நான் அதை மறந்துவிடவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன். எல்லோரும் என்றால் யார்? பாலிடெக்னிக்கில் என்னோடு ஆட்டோமொபைல் படித்த முப்பது நாற்பது பேர்.

தொண்ணூறுகளின் தொடக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு அப்ரெண்டிஸ் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். ஆவடியில் அப்பாவுக்கு ராணுவத் தொழிற்சாலை வேலை, அதற்கான குவார்ட்டர்ஸ். அந்த இரண்டு அறை வீட்டில் கழற்றுவதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. "மொதல்ல கழட்டுனதப் பூட்டு, அப்பறம் அடுத்தத தொடு" என்று அம்மா மிக்ஸியைக் காட்டிச் சொல்வாள். அதனால் தினமும் சைக்கிளை மிதித்துக்கொண்டு பருத்திப்பட்டுக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். அக்கா என்னைப் பார்த்துப் பேசுவாள். நான் வண்டியைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வேன்.

மாமா பருத்திப்பட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர்கள் நிலமெல்லாம் மனைகளாகிப்போன பிறகு ஒரு பழைய டீசல் பிக்கப்பை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளில் லேத்தில் கடைந்த இரும்புச் சாமான்களை ஏற்றிப் பாடித் தொழிற்சாலைகளில் இறக்குவது வேலை. வண்டியை வீட்டுக்கு எதிரே ஏரிக்கரை மேல்தான் நிறுத்துவார். காலையில் ஹேண்ட் பிரேக்கை விட்டால் சரிவில் தானாக உருளும், செகண்ட் கியரில் கிளட்சை விடுவார், எஞ்சின் உறுமிக்கொண்டு பிடிக்கும். பேட்டரி செத்து எத்தனை மாதம் என்று அவருக்கே தெரியாது. சரக்கு இறக்கும்போதும் எஞ்சினை அணைக்க மாட்டார்.

"கரை இருக்க சொல்ல பேட்டரி இன்னாத்துக்கு மச்சான்?"

"நடுரோட்ல ஆஃப் ஆச்சுன்னா என்ன மாமா பண்ணுவீங்க?"

"நாலு பேரு தள்ளுவான். அஞ்சாவது ஆளா நீ எறங்கி தள்ளு. படிச்ச கை, நல்லா தள்ளும்."

அவர் ஒவ்வொரு நாளும் சரிவில் வண்டியை உருட்டும்போது எனக்கு அவமானமாக இருக்கும், ஏதோ நான் படித்த படிப்பே பள்ளத்தில் உருள்கிற மாதிரி. இரண்டு வாரம் விடாமல் நச்சரித்தேன். கடைசியில் அக்காதான் அவரிடம் சொன்னாள்: "அத வாங்கிப் போட்ருங்க. இவன் வாய மூடுறதுக்கு வேற வழி இல்ல."

குமணன்சாவடியில் ஒரு பேட்டரிக் கடை. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்தோம். கடைக்காரருக்கு மாமாவை நன்றாகத் தெரியும். "இன்னா நைனா, வண்டிக்கு பேட்டரி போட்டுட்டு ஏரிக்கரைய வாடகைக்கு உட்றப் போறியா?" என்று கேட்டார். மாமா என்னைக் காட்டினார். "நம்ம இன்ஜினியரு. அவரு சொன்னா சரி."

அந்த வண்டியில் பேட்டரி இடதுபக்க சீட்டுக்கு அடியில், ஒரு பலகை மூடிக்குக் கீழே இருக்கும். வெளிச்சம் போகாத பொந்து. கேபிள் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்ததை வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வாசலின் தடவி முடுக்கினேன். மாமாவை உட்காரவைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன். ஒரே திருப்பில் பிடித்தது. அவர் அணைத்துவிட்டு மறுபடி திருப்பினார். மறுபடி பிடித்தது. மூன்றாவது தடவை அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. பிறகும் இருக்கவில்லை.

அன்றே அட்டவணையை எழுதினேன். கூடவே ஒரு நோட்டும் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் மாமாவும் பதினோரு வரியையும் பார்த்து முடிப்போம், என்ன செய்தோம் என்று நான் நோட்டில் எழுதுவேன். பேட்டரியின் ஆறு மூடிகளையும் திறந்து, உள்ளே தகடுகள் மூழ்கும்படி தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்து, குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது மாமாவின் பங்கு. அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "ஆறு புள்ளைக்கும் பால் ஊத்திட்டேன், எழுதிக்கோ" என்பார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அக்கா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

முதல் மாதம் ஒன்றிரண்டு மூடி அளவுதான் ஊற்ற வேண்டியிருந்தது. பிறகு வாரம் கால் பாட்டில். ஆடி மாதம் வந்தபோது வாரம் அரை பாட்டில். "பாத்தீங்களா மாமா, நாம பாக்காம விட்டிருந்தா காஞ்சே போயிருக்கும்" என்றேன். அவரும் பெருமையாகத் தலையாட்டினார். அதை வேறொரு டிரைவரிடம் சொல்லிக்கூட வந்திருக்கிறார். இடையில் இரண்டு முறை ஹெட்லைட் பல்பு போனது. மாற்றினேன், தேதி போட்டு எழுதினேன். கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவுக்குப் பாடிக்கு ஒரு அவசர லோடு இருந்தது. இறக்கிவிட்டு எட்டு எட்டரைக்கு வந்தார். வண்டி சூடாக நின்றது. நான் அடியில் படுத்துக்கொண்டு கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். மாமா சீட்டைத் தூக்கிவிட்டு பலகையை எடுக்கும் சத்தம் கேட்டது. மூடிகளைத் திருகும் சத்தமும் கேட்டது.

"மச்சான், டார்ச் எரியல."

டார்ச்சிலிருந்த இரண்டு செல்லையும் முந்தின நாள் கிரிக்கெட் கேட்பதற்காக டிரான்சிஸ்டரில் போட்டிருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "நல்லா வெளிச்சம் வச்சுப் பாருங்க மாமா, உத்தேசமா ஊத்தாதீங்க" என்று அடியிலிருந்தே கத்தினேன்.

தீக்குச்சி உரசிய சத்தம் எனக்குக் கேட்டது. பீடி பற்றவைக்கிறார் என்று நினைத்தேன். அரை நொடிதான். பெரிய பட்டாசு மாதிரி வெடித்தது, வண்டி என் மேலே குலுங்கியது.

நான் வெளியே வந்தபோது முகத்தைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் ஆசிட். சோடா உப்பு எங்கே, சோடா உப்பு எங்கே என்று நான் வீட்டுக்குள் ஓடினேன். ஆசிடுக்கு எதிர் அதுதான் என்று புத்தகத்தில் இருக்கிறது. நான் டப்பாக்களைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில், பத்தாவதோடு நிறுத்திவிட்ட அக்கா அவரை இழுத்துக்கொண்டுபோய் அடிபம்புக்குக் கீழே தலையை வைத்து, ஒரு கையால் இமையைப் பிரித்துப் பிடித்து, மறு கையால் பம்பை அடித்துக்கொண்டிருந்தாள். "வந்து அடிடா!" என்று கத்தினாள். போய் அடித்தேன். கண் ஆஸ்பத்திரியில், தண்ணீர் விட்டதால்தான் இந்த அளவாவது மிச்சம் என்றார்கள். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் ஆள் வருவது நிழல் மாதிரி தெரியும். வண்டி ஓட்டுவது அன்றோடு முடிந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட முகத்தோடு அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். "நீ இன்னா பண்ணுவ மச்சான்? குச்சிய கொளுத்தினது நானு. முட்டாப்பையன் வேலை. நீ அழுதுகினு இருக்காத, உங்கக்காவுக்கு யாரு சோறு வாங்கியாருவா?"

அவர் அங்கே படுத்திருந்த நாட்களில் ஒரு மத்தியானம் தனியாக வண்டியில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். ஒன்றிரண்டு மூடி. கால் பாட்டில். அரை பாட்டில். அரை பாட்டில். பல்பு. அரை பாட்டில். பல்பு. மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தேன். புதிய பேட்டரி வாரத்துக்கு அரை பாட்டில் தண்ணீர் குடிக்காது. உள்ளே மின்சாரம் அளவுக்கு மேல் பாய்ந்து, தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயுவாகப் போனால்தான் அப்படிக் குறையும். அந்த வாயுதான் தீப்பிடிக்கும். புதிய பேட்டரி ஒன்றைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தேன். பதினான்கு வோல்ட்டில் நிற்க வேண்டிய முள் பதினாறைத் தாண்டி ஏறியது. மின்சாரத்தை அளந்து விடுகிற ரெகுலேட்டர் கெட்டுப்போயிருந்தது. ஐந்து மாதமாக வாரம் தவறாமல் அது என்னிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. என் கையாலேயே, கோடு போட்டு, எழுதியும் வைத்திருக்கிறேன். ரெகுலேட்டரை மாற்றினேன். அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

கார்த்திகையில் வண்டியை விற்பதென்று முடிவானது. பூந்தமல்லியிலிருந்து ஒரு டிரைவர் பார்க்க வந்தார், நாற்பது வயதிருக்கும். மாமா கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வண்டியை எப்படி வைத்திருந்தீர்கள் என்று வந்தவர் கேட்கும் முன்பே அக்காவைக் கூப்பிட்டு நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். நான் அதை எப்போதோ கிழித்துப் போட்டிருக்கலாம். எத்தனையோ முறை கையில் எடுத்தும் கிழிக்கவில்லை.

"பாரு அண்ணாத்தே. என் மச்சான் எழுதினது. வாரா வாரம். ஆஸ்பத்திரில கூட இப்டி எழுத மாட்டான்."

வந்தவர் நின்றபடியே புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. சிரித்தார்.

"இன்னாபா இது, வாரத்துக்கு அரை பாட்டிலா? பேட்டரி கட்டிகினு கீறியா, எருமை கட்டிகினு கீறியா?" அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "பல்பு வேற ரெண்டு தபா போய்க்கீது. ரெகுலேட்டர் அவுட்டு இது. ஓவர் சார்ஜிங். இத்தயா யாரும் பாக்காம உட்டீங்க?"

மாமா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார்.

"மெய்யாவா மச்சான்?"

"ஆமா மாமா."

"உனுக்கு எப்ப தெரியும்?"

"நீங்க ஆஸ்பத்திரில இருக்கும்போதுதான் கண்டுபிடிச்சேன்."

"மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்."

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு மாமா வந்தவர் பக்கம் திரும்பினார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "ரெகுலேட்டர் புதுசு அண்ணாத்தே. பேட்டரியும் புதுசு. எடுத்துப் பாரு."

வந்தவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் பிடித்தது. சரிவே தேவைப்படவில்லை. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அப்படியே எடுத்துப் போனார். வண்டி கரையிலிருந்து இறங்கி, வளைவில் கியர் மாற்றி, மெயின்ரோட்டுச் சத்தத்தில் கலக்கிறவரை மாமா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாமா எழுந்தார். பிடிமானத்துக்காகக் கையை நீட்டினார். நான் ஓடிப்போய் என் கையைக் கொடுத்தேன். கட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். என் கை என்று தெரிந்ததும் விட்டுவிட்டு, சுவரைத் தேடிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.